பறவைக் குரலில் முன்னோர்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் கல்வெட்டுகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அரசரே இல்லாத, எழுத்தே அறியாத, கல்லில் ஒன்றையும் பொறித்து வைக்காத ஒரு சிறு கூட்டத்தாருக்கும் வரலாறு உண்டோ என்று ஒருவர் வினவினால், 'உண்டு. அதனைக் கண்ணால் படித்தல் இயலாது, காதால் கேட்டல் வேண்டும்' என்பதே நம் விடையாகும். செவிவழிச் செய்தி சொல்லும் வானொலியில், செவியையே தம் வாழ்வுக்கும் நம்பிக்கைக்கும் அடிப்படையாகக் கொண்ட ஒரு மக்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதே. அம்மக்கள் பாப்புவா நியூகினி நாட்டின் மலைக்காட்டில் வாழும் கலூலியர்.

நியூகினி உலகின் இரண்டாவது பெரிய தீவு. அதன் மேற்குப் பாதி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. கிழக்குப் பாதி ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்து, 1975 செப்டம்பர் 16ஆம் நாள் பாப்புவா நியூகினி என்னும் பெயரில் விடுதலை பெற்றது. இவ்வொரு நாட்டில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. ஒரு மலையைக் கடந்தால் மற்றொரு மொழி. ஓர் ஆற்றைக் கடந்தால் மற்றொரு வழக்கம். இந்நாட்டின் தென் உயர்நிலப் பகுதியில் போசாவி என்னும் அவிந்த எரிமலை ஒன்று ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது. அதன் வடபுறத்தே பெரும் பாப்புவா மேட்டுநிலம் என்று வழங்கும் மழைக்காடு பரந்து கிடக்கிறது. அங்கே வாழ்வோர் தம்மைப் 'போசாவி மக்கள்' என்று கூறிக்கொள்வர். அவர்களுள் நான்கு பிரிவினர் உளர்; அவற்றுள் ஒன்று கலூலி. 1960களின் இறுதியில் கலூலியரின் தொகை சுமார் 1,200 மட்டுமே. நம் ஊர்ப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மக்கள்தொகையைவிட அது மிகுதியன்று.

அவர்கள் வாழ்ந்த முறையை முதலில் காண்போம். இருபது அளவிலான குடியிருப்புகள்; ஒவ்வொன்றிலும் தூண்களின்மேல் எழுப்பப்பட்ட ஒரே நீண்ட வீடு. அதனுள் பதினைந்து குடும்பங்கள், அறுபது எண்பது பேர், ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தனர். முதன்மை உணவு சாகோ எனப்படும் பனைவகை மரத்தின் தண்டிலிருந்து எடுக்கப்படும் மாவு. இன்று நம் கடைகளில் விற்கப்படும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவினால் ஆவது. ஆயின் தொடக்கத்தில் அப்பெயரைப் பெற்றிருந்தது இந்தச் சாகோ மாவே. ஆடவர் மரத்தை வீழ்த்துவர். பெண்டிர் அதன் சோற்றை இடித்துத் தண்ணீரில் அலசி மாவைப் படியச் செய்வர். இதனோடு வாழை, சர்க்கரைவள்ளி, கரும்பு ஆகியவை தோட்டத்தில் விளைந்தன. காட்டில் வேட்டையும் ஓடைகளில் மீனும் இறாலும் கிடைத்தன. தலைவன் என்று ஒருவனும் இல்லை, வரி இல்லை, சிறை இல்லை. கொடுத்தலும் பெறுதலுமே அவர்தம் சட்டம். ஒருவன் உண்ணும்போது அருகிருப்பவனுக்குக் கொடாதிருத்தல் அவர்கள் அறிந்த குற்றங்களுள் பெரிது.

அடர்ந்த காட்டில் பத்தடிக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குப் புலனாகாது. அங்கே வழிகாட்டுவது காது. இன்ன பறவை கூவினால் விடியப் போகிறது, இன்ன பறவை கூவினால் பொழுது சாய்கிறது, வீடு திரும்ப வேண்டும் என்று அவர்கள் அறிந்தனர். அருவியின் இரைச்சல் மிகுந்தும் குறைந்தும் கேட்பதைக் கொண்டு தாம் நிற்கும் இடத்தை உணர்ந்தனர். பறவைகளை அலகின் வடிவாலும் சிறகின் நிறத்தாலும் பாகுபடுத்த அவர்கள் அறியாதவர் அல்லர். எனினும் தம் பேச்சில் பெரிதும் ஆண்டது வேறொரு பாகுபாடு. தன் பெயரைத் தானே சொல்லும் பறவை, சீழ்க்கையடிக்கும் பறவை, அழும் பறவை, பாடும் பறவை, போசாவி மொழியில் பேசும் பறவை என்று குரலைக் கொண்டே அவற்றை வகுத்தனர்.

இவ்வாறு குரலுக்கு முதன்மை தந்தவர்கள் குழந்தைக்குப் பேச்சுக் கற்பித்த முறையும் நோக்கத்தக்கது. நம் தாய்மார் மழலையோடு மழலையாய்க் கொஞ்சுவர். கலூலித் தாய் அவ்வாறு செய்வதில்லை. குழந்தையைப் பிறரை நோக்கியவாறு முன்னே பிடித்துக்கொண்டு, குழந்தையின் சார்பில் தானே மெல்லிய குரலில் பேசுவாள். குழந்தை 'அம்மா' என்பதற்கும் 'முலை' என்பதற்கும் உரிய இரண்டு சொற்களைச் சொன்ன பிறகே அதற்குப் பேச்சு வந்துவிட்டது என்று கொள்வர். அதன்பின், 'இப்படிச் சொல்' என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லித்தருவர். இதனைப் பேச்சைக் 'கெட்டிப்படுத்துதல்' என்பது அவர்தம் வழக்கு. குழந்தை வெறும் ஒலிகளைப் பிதற்றி விளையாடினால் அதனைப் 'பறவைப் பேச்சு' என்று கூறித் தடுப்பர். சிறு குழந்தைக்குப் புறாக்கறி கொடார். உண்டால் குழந்தை குனுகுமேயன்றிப் பேசாது என்பது அவர்தம் அச்சம். பறவைப் பேச்சுக்கு இத்துணை அச்சம் ஏன்? இதற்கு விடை அவர்களுடைய நம்பிக்கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு வாயிலாக அமைவது ஒரு சிறு கதை.

ஓர் அக்காளும் தம்பியும் ஆற்றில் இறால் பிடிக்கச் சென்றனர். அக்காளுக்கு இறால்கள் கிடைத்தவண்ணம் இருந்தன. தம்பிக்கு ஒன்றும் அகப்படவில்லை. 'அக்கா, எனக்கு ஒன்று தா' என்று கேட்டான். 'இது அம்மாவுக்கு' என்றாள் அவள். அடுத்ததைக் கேட்டான், அது அப்பாவுக்கு என்றாள். இவ்வாறே ஒவ்வொன்றும் வேறொருவருக்கென்று ஆயிற்று. இறுதியில் அவனுக்கே ஒரு சிற்றிறால் கிடைத்தது. அதன் ஓட்டை எடுத்துத் தன் மூக்கின்மேல் வைத்துக்கொண்டான், மூக்குச் சிவந்தது. கைகள் சிறகுகளாயின. பழந்தின்னும் சிறு புறாவாக மாறி அவன் பறந்துபோனான். 'தம்பி, திரும்பி வா; எல்லாம் உனக்கே' என்று அக்காள் கதறினாள். அவனுக்குப் பேச்சு இல்லை. கூவும் குரலே எஞ்சியது. அப்புறாவுக்கு அவர்கள் மொழியில் 'முனி' என்று பெயர். நம் முனிக்கும் அதற்கும் ஒலியொற்றுமை அன்றி வேறு உறவு இல்லை. அப்புறாவின் இறங்கி இறங்கி ஒலிக்கும் கூவல், உறவினரால் கைவிடப்பட்டவனின் அழுகை என்றே கலூலியர் செவியில் விழும். அவர்தம் அழுகைக்கும் பாட்டுக்கும் அந்தப் புறாவின் குரலே இசையமைப்பு ஆயிற்று.

கதையின் உட்பொருளை நோக்குங்கள். உறவு என்பது கொடுத்தல். கொடாமை உறவை அறுக்கும்; உறவு அறுந்தவன் மனிதப் பேச்சை இழந்து பறவையாகிறான். இறந்தோரின் நிலையும் இதுவே. உற்றாரிடமிருந்து நிலையாகப் பிரிந்தவர் பறவைகளாகி மரத்தின் உச்சியில் இருக்கின்றனர் என்பது கலூலியரின் நம்பிக்கை. அமாவாசையன்று காகத்திற்குச் சோறு வைத்து, அது வந்து உண்ணும் வரையில் காத்திருக்கும் நமக்கு இந்நம்பிக்கை முற்றிலும் அயலானதாகத் தோன்றாது.

இறந்தோரை அவர்கள் 'ஆனே மாமா' என்று குறித்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லைக் கண்டு முதலில் புன்முறுவல் பூப்போம். அடுத்து, பொருளை அறிந்து வியப்போம். அவர்கள் மொழியில் 'மாமா' என்பது நீரில் தெரியும் சாயல், நிழலுரு. 'ஆனே மாமா' என்றால் சென்றுவிட்ட சாயல். நாம் காணும் உலகத்தின் மறுபுறத்தே காணப்படாத உலகம் ஒன்று உண்டு. அது வானத்திலோ பாதாளத்திலோ இல்லை; இதே காட்டில், இதே மரங்களில், இதே ஓடைகளில் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒவ்வோர் ஆடவனுக்கும் அவ்வுலகில் ஒரு காட்டுப்பன்றி சாயலாக உலவும். ஒவ்வொரு பெண்ணுக்கும் காசோவாரி என்னும் பறக்கவியலாத பெரும்பறவை ஒன்று சாயலாக உலவும். அவை போசாவி மலைச்சரிவில் மேய்கின்றன. அவற்றுக்குத் தீங்கு நேர்ந்தால் இங்கே அவற்றுக்குரியவர் நோயுறுவர். இறந்தவர் நம் கண்ணுக்குப் பறவையாகத் தோன்றினும், தமக்குள் அவர்கள் மனிதராகவே தோன்றுவர்; வீடு கட்டுவர், தோட்டம் இடுவர், விருந்து செய்வர்.

அவ்வுலகத்தோடு பேச வல்லவர் சிலர் இருந்தனர். கனவில் அவ்வுலகப் பெண் ஒருத்தியை மணந்து, அங்கே குழந்தையும் பெற்ற ஆடவனே இதற்குரியவன். இரவில், தீ அணைந்த நீண்ட வீட்டில், அவன் கண்மூடிக் கிடப்பான். அவனுடைய ஆவி அங்கே செல்ல, அங்கிருப்போர் அவன் வாய்வழியே வந்து பாடுவர், பேசுவர். நோய்க்குக் காரணம் கேட்போரும், இறந்த தாயின் குரலைக் கேட்க விரும்புவோரும் விடியும்வரை அவனைச் சூழ்ந்து அமர்ந்திருப்பர்.

இத்துணை அழகிய நம்பிக்கைக்குள் கொடுமை ஒன்றும் இருந்தது. அதனை மறைத்துக் கூறுதல் முறையாகாது. கலூலியர் மரணத்தை இயற்கையான முடிவு என்று கொள்ளவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் 'செய்' என்னும் தீய ஆற்றலை நெஞ்சிற்கொண்ட ஒருவர் காரணம் என்று கருதினர். அவர் யாரென்று ஆவியோடு பேசுபவன் வாயிலாக ஐயுற்று, இரவில் சென்று அவரைக் கொன்றுவிடுவதும் நிகழ்ந்தது. துயரம் சினமாக மாறும். சினம் ஈடு கேட்கும். ஈடு உயிராகவும் இருந்தது. அண்டையில் வாழ்ந்தவரே ஐயத்துக்கு ஆளாகிய அச்சம் அவ்வாழ்வில் என்றும் இருந்தது.

துயரம் ஈடு கேட்கும் என்னும் இதே நெறியிலிருந்துதான் அவர்களுடைய மிகச் சிறந்த கலையும் தோன்றிற்று. அதன் பெயர் கிசாலோ. ஒரு நீண்ட வீட்டார் மற்றொரு வீட்டாரை நாடி விருந்தினராய் வருவர். மாலை மங்கியதும் மரப்பிசின் பந்தங்கள் கூடத்தில் ஏற்றப்படும். இறகுகளும் ஓலைத் தோகைகளும் பூண்ட நான்கு ஆடவர் ஒருவர்பின் ஒருவராக நடுவில் நின்று, கையிலுள்ள சிப்பிக் கிலுகிலுப்பை ஒலிக்க, எழுந்தும் தாழ்ந்தும் ஆடிப் பாடுவர். அவ்வாட்டத்தில் அருவிக்கரையில் நின்றாடும் பறவை தோன்றும்; அவ்விசையில் முனிப்புறா அழும்.

பாட்டின் பொருள் என்ன? தெய்வத்தின் புகழா? வீரனின் வெற்றியா? இரண்டும் அல்ல. இடப்பெயர்களே பாட்டு. இன்ன ஓடை இன்ன ஓடையோடு கலக்கும் இடம், அங்கே நிற்கும் இன்ன மரம், அதை அடுத்த பழைய சாகோத் தோப்பு, கைவிடப்பட்ட ஒரு வீடு நின்ற மேடு என்று, பாடுகிறவன் தன் ஊரையன்றி, கேட்கிறவருடைய நிலத்தின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வழிநடை போலத் தொடுத்துச் செல்வான். இத்தொடுப்புக்கு அவர்கள் 'பாதை' என்றே பெயரிட்டிருந்தனர். நேர்ப்பொருளை விட்டு உட்பொருளை ஏற்றிச் சொல்லும் இப்பேச்சுக்குத் 'திருப்பிப் போட்ட சொற்கள்' என்று பெயர். பெயரொன்று காதில் விழுந்ததும், கூட்டத்தில் இருப்பவன் ஒருவனுக்கு நினைவு வரும். அந்த ஓடையில்தான் அவன் இறந்துபோன மனைவியோடு மீன் பிடித்தான்; அந்த மரத்தடியில்தான் தந்தை அவனுக்கு உணவு பகிர்ந்தளித்தார். அவன் வாய்விட்டு அழுவான். துயரம் சினமாகும். பாய்ந்து சென்று பந்தத்தைப் பிடுங்கி, தன்னை அழவைத்தவனின் தோளில் வைத்து அழுத்துவான். ஆடுகிறவன் திரும்பியும் பாரான். தோள் எரியப் பாடிக்கொண்டே இருப்பான்.

இவ்வாறு விடியும்வரை பலர் அழுவர், பலமுறை சுடுவர். எவ்வளவு பேர் அழுதனரோ அவ்வளவு சிறந்தது அவ்விழா. விடிந்ததும் ஆடியவர்கள், தாம் அழவைத்தவர்களுக்கெல்லாம் சிறு பொருள்களை ஈடாகக் கொடுத்துவிட்டுத் தம் ஊர் நோக்கிச் செல்வர். துயரம் எழுப்பப்பட்டது, அதற்கு மறுமொழியாகத் தீப்புண் கிடைத்தது, ஈடு கொடுத்துக் கணக்குத் தீர்க்கப்பட்டது. இரவுக் கொலையில் முடிந்திருக்கக்கூடிய சினம் இங்கே இசையில் தொடங்கி அன்பளிப்பில் முடிந்ததைக் காண்கிறோம்.

பெண்டிர்க்கு இசை இல்லாமல் இல்லை. சாவு வீட்டில் அவர்கள் பாடியழும் முறை நம் ஒப்பாரியை ஒத்தது. இறந்தவரை விளித்து, அவரோடு நடந்த இடங்களை எண்ணி எண்ணி அழுவர். ஒருத்தியின் குரல் ஓயுமுன் மற்றொருத்தியின் குரல் அதன்மேல் எழும். பல குரல்கள் சேர்ந்து ஒன்றாய் ஒலிப்பதை அவர்கள் விரும்பவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலிப்பதே இனிமை என்றனர். காட்டில் பறவையின் குரல்மேல் அருவியும், அருவியின்மேல் மழையும் அவ்வாறே ஒலிக்கின்றன அன்றோ? இசையின் ஏற்ற இறக்கங்களுக்கு அவர்கள் ஆண்ட சொற்களும் நீர்வீழ்ச்சியின் பகுதிகளைக் குறிக்கும் சொற்களே. விழாவில் முழங்கும் பறையின் 'திபோ திபோ' என்னும் அடி ஒரு பறவையின் குரலாகும். கேட்கக் கேட்க அது 'தோவோ தோவோ' என்று மாறும். 'அப்பா, அப்பா' என்பது அதன் பொருள். இறந்த பிள்ளை அழைக்கும் குரல் அது.

இனி, வெளியுலகம் இவர்களிடம் வந்த வரலாற்றைக் காண்போம். 1935இல் ஜாக் ஹைட்ஸ், ஜிம் ஒமாலி என்னும் ஆஸ்திரேலிய ஆட்சி அலுவலர் இருவர் இந்த மேட்டுநிலத்தின் வழியே ஒரு நெடும்பயணம் மேற்கொண்டனர். அங்கிருந்தோர் அவர்களை மனிதர் என்று நம்பவில்லை. ஆவிகள் என்று எண்ணி அஞ்சினர். உலகப்போர் காரணமாகப் பல ஆண்டுகள் வேறெவரும் வரவில்லை. ஆயினும் 1940களில் தட்டம்மையும் இன்ஃப்ளூவென்சாவும் வந்து பலரைக் கொண்டு சென்றன. 1950களில் அலுவலர்களின் சுற்றுப்பயணங்கள் மீண்டும் தொடங்கின. இரும்புக் கோடரி வந்தது. 1960களில் படையெடுப்பும் பழிக்குப்பழிக் கொலையும் அரசால் நிறுத்தப்பட்டன. நள்ளிரவில் கதவருகே காலடியோசை கேட்டு நடுங்கும் வாழ்வு முடிவுற்றது பெரும் நன்மை என்பதில் ஐயம் இல்லை.

கிறித்தவ நற்செய்தியாளர் 1960களின் நடுவில் வந்து சிறு விமான இறங்குதளம் ஒன்றை அமைப்பித்தனர். 1970களின் தொடக்கத்தில் அங்கேயே குடியமர்ந்தனர். மருந்து வந்தது, எழுத்தும் பள்ளியும் வந்தன. விரைவில் உள்ளூர் இளைஞரே போதகராயினர். இயேசு திரும்பி வரும் நாள் அண்மையில் உள்ளது, பழைய விழாக்களைக் கைவிடாதோர் நெருப்பில் வீழ்வர் என்று அவர்கள் அறிவித்தனர். ஊர் ஊராக மக்கள் புதிய நெறியில் சேர்ந்தனர். 1970களின் நடுப்பகுதிக்குள் பெரிய கிசாலோ விழாக்கள் ஓய்ந்தன. ஆவியோடு பேசுவோர் வாய்மூடினர். அரசர் எவரும் வெல்லாமல், படை எதுவும் நுழையாமல், பத்தே ஆண்டுகளில் ஒரு மக்களின் நம்பிக்கை மாறிற்று.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மொழியை நோக்கினால் தெளிவாக அறியலாம். போதகர்கள் கையிற்கொண்டது நாட்டின் பொதுமொழியாகிய தோக் பிசினில் 1969இல் வெளிவந்த புதிய ஏற்பாடு. அதனைப் பார்த்துக்கொண்டே மேடையில் நின்றவாறு தம் மொழியில் பெயர்த்துச் சொன்னார்கள். மாற்கு எழுதிய நற்செய்தியில், வேதபாரகர் தம் உள்ளத்தில் எண்ணியதை இயேசு அறிந்துகொண்டார் என்று ஓர் இடம் வருகிறது. கலூலியரோ பிறர் மனத்தில் உள்ளதை இன்னதென்று சொல்லுதல் ஆகாது என்னும் மரபினர். ஒருவர் வாயால் சொன்னதையே பிறர் எடுத்துச் சொல்லலாம். எனவே சொல்லாத எண்ணத்தைச் சொல்லிக்காட்டும் வாக்கியம் அம்மொழியில் எளிதில் அமையவில்லை. போதகர்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாக அதனைச் சொல்லிப் பார்த்தனர். ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் கிட்டாமல் நாள் முழுதும் அகராதியைப் புரட்டுகிறவர்களாகிய நாம் அவர்தம் இடர்ப்பாட்டை நன்கு உணர்வோம்.

அதனினும் பெரிய மாற்றம் ஒன்று ஓசையின்றி நிகழ்ந்தது. பழைய பேச்சில் இடப்பெயர் இல்லாமல் எந்தச் செய்தியும் இல்லை. யார், எந்த ஓடையைக் கடந்து, எந்தத் தோப்பின் வழியே வந்தார் என்பது கதையின் உயிர். புதிய நெறியின் பேச்சிலோ போசாவியின் இடங்களுக்கு வேலை இல்லை. அதிலே பெயர் பெற்ற இடங்கள் எருசலேமும் கலிலேயாவும். சென்றோர் வாழும் உலகம் மரக்கிளையிலிருந்து விலகி வானத்திற்குச் சென்றது. இவ்வாறு இடப்பெயர்கள் பேச்சிலிருந்து நழுவிய முறையை மானிடவியலார் பாம்பி ஷீஃபெலின் பல ஆண்டுகள் உடனிருந்து கேட்டுப் பதிவு செய்துள்ளார். அவர் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்தவர். அதுபற்றிய அவர் நூல் 1990இல் வெளிவந்தது. கிசாலோவை 1966 முதல் 1968 வரை நேரில் கண்டு எழுதியவர் எட்வர்ட் ஷீஃபெலின். அவர் நூல் 1976இல் வெளிவந்தது. பறவை, அழுகை, பாட்டு ஆகிய மூன்றின் உறவை ஆராய்ந்த ஸ்டீவன் ஃபெல்டின் நூல் 1982இல் வெளிவந்தது. இம்மூவரும் கேட்டுப் பதிந்திராவிடில் நாம் இன்று இவ்வளவு அறிந்திருக்க இயலாது.

ஃபெல்ட் 1991இல், போசாவிக் காட்டின் ஒருநாள் முழுவதின் ஓசையை ஒருமணி நேர இசைப்பதிவாகச் சுருக்கி வெளியிட்டார். விடியற்காலைப் பறவைகளும், சாகோ இடிக்கும் பெண்களின் பாட்டும், இரவின் தவளைகளும் அதில் உள்ளன. மனிதக் குரல் எங்கே முடிகிறது, காட்டின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிதல் எளிதன்று. அதே காலத்தில் அண்டையிலுள்ள குட்டுபு ஏரிப்பகுதியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். 1992இல் ஏற்றுமதி நடைபெற்றது. இயந்திரங்களின் ஓசையும் அந்நிலத்தின் ஓசையாயிற்று. 2018 பிப்ரவரி 26ஆம் நாள் அப்பகுதியைத் தாக்கிய 7.5 அளவுள்ள நிலநடுக்கத்தால் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீழ்ந்தன. ஒரு சரிவு வீழ்ந்தால் அங்கே மரங்கள் மட்டுமா வீழ்கின்றன? ஒவ்வோர் ஓடைக்கும் மேட்டுக்கும் தனிப்பெயர் வைத்து நினைவைப் பதித்தவர்களுக்கு, அது ஏட்டின் பக்கம் கிழிந்ததற்கு ஒப்பாகும்.

கலூலியர் இழந்ததை எண்ணி நாம் மட்டும் வருந்திவிட்டு, அவர்கள் பெற்றதை மறந்துவிடுதல் நேர்மையன்று. இரவுக் கொலை நின்றது; நோய்க்கு மருந்து கிடைத்தது; எழுத்தறிவு வந்தது. புதிய நெறியை அவர்களுள் பெரும்பாலோர் மனமார ஏற்றுக்கொண்டனர். இது அவர்களுடைய தேர்வு; தொலைவிலிருந்து அதனைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் கொலையைத் தடுக்க வேண்டியிருந்தது உண்மை. பாட்டையும் தடுக்க வேண்டியிருந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. துயரத்தைக் கொலையாக்காமல் கலையாக்கும் வழியை அவர்கள் தாமாகவே கண்டிருந்தனர். கொலையோடு சேர்த்து அந்த வழியும் அடைபட்டது. ஒரு மக்களின் பழக்கத்தைத் திருத்தப் புகுவோர், களையையும் பயிரையும் ஒரே கைப்பிடியில் பறித்துவிடுதல் எங்கும் நடப்பது.

பயிர் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பது ஓர் ஆறுதல். 1990களில் போசாவி இளைஞர் கிதார் ஏந்திக் குழுக்களாகப் பாடத் தொடங்கினர். ஃபெல்ட் 2001இல் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுகளின் தொகுப்பில் முதலாவது தட்டு அவ்விளைஞரின் பாட்டே. கருவி அயலது, மொழியிலும் தோக் பிசின் கலந்தது. ஆயினும் பிரிவும் துயரும் சொந்த நிலத்தின் நினைவும் அப்பாட்டுகளில் மீண்டும் வந்தன. பாதை வேறு கருவியின் வழியே தொடர்கிறது எனலாம்.

இந்த வரலாறு நமக்கு எதனை உணர்த்துகிறது? தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நெடுநாள் வாழும் நாம், காவிரி என்ற பெயரைக் கேட்டுக் கண்கலங்குவதில்லை. அது நாடறிந்த பெயர். ஆனால் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று யாரேனும் பேச்சுவாக்கில் சொன்னால் ஒரு கணம் நம் கை வேலை நின்றுவிடுகிறது. படித்துறையும், அதில் துணி துவைத்த கைகளும் நினைவுக்கு வருகின்றன. அக்கைகளுக்கு உரியவர் இன்று இல்லை. சிறிய பெயர்களே நெஞ்சைத் தொடுகின்றன. அவற்றை அறிந்தவர் சிலரே என்பதுதான் காரணம். இதனைக் கலூலியர் தம் நம்பிக்கையின் நடுவில் வைத்திருந்தனர்.

நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். காவிரியைப் பள்ளிப் பாடத்தில் படித்துக்கொள்வார்கள். அந்தக் கிளையாற்றின் பெயரையும், படித்துறையின் பெயரையும், தோப்பின் பெயரையும் பாடநூல் சொல்லித்தராது. நாம்தான் சொல்ல வேண்டும். கலூலித் தாய் தன் குழந்தையை முன்னே நிறுத்தி, 'இப்படிச் சொல்' என்று ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தாள். அந்த அளவு பொறுமை நமக்கும் இருக்குமானால், அடுத்த அமாவாசையன்று காகத்தைக் கூப்பிடும்போது, யாரைக் கூப்பிடுகிறோம், அவர் எந்தக் கரையில் நடந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லலாம்.